ஊட்டியில் ஃபோர்மேனும் டைசனும் மோதினால்?

1990 ஜூன் 16 இரவு லாஸ் வேகாஸில் குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மேன் தன் எதிராளியை இரண்டாவது ரவுண்டில் சாய்த்தார். அதே இரவு, அதே ரிங்கில், மைக் டைசன் இன்னொருவரை முதல் ரவுண்டிலேயே முடித்தார். அதிக எடைப்பிரிவான ஹெவிவெயிட் குத்துச்சண்டை வரலாற்றின் இரண்டு பெரிய அடிகாரர்கள் ஒருவரையொருவர் தொடவே இல்லை, அன்றைக்கும் சரி, அப்புறமும் சரி. 2025 மார்ச்சில் ஃபோர்மேன் காலமாகிவிட்டார். ஆனால் குன்னூர் டீக்கடைகளில் இந்தச் சண்டை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம் இருப்பதால், ஒரு காலத்தில் கிளவுஸ் மாட்டிய பெரியவர் யாராவது ஒருவர் பெஞ்சில் இருப்பார். அப்படி ஒருவர் வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டார்: “ஏங்க, நம்ம ஊட்டியில வச்சு நடத்தினா? ரெண்டு பேருக்குமே மூச்சு வாங்காதா?”

கேட்க விளையாட்டாக இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய கேள்விதான். இருவரையும் உச்சத்தில் எடுத்துக்கொள்வோம். 1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில், தோல்வியே அறியாத ஜோ ஃபிரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் உருட்டிய 24 வயது ஃபோர்மேன். 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்கவைத்த டைசன், 22 வயது முடிய அப்போது மூன்று நாள் பாக்கி. ஆச்சரியம் என்னவென்றால் அந்த இரண்டு இரவுகளிலும் இருவரின் எடையும் கிட்டத்தட்ட ஒன்று, 99 கிலோவை ஒட்டி. உயரத்தில்தான் வித்தியாசம்: டைசன் 5 அடி 10 அங்குலம், ஃபோர்மேன் அவரைவிட ஐந்தாறு அங்குலம் கூடுதல். கை வீச்சிலும் ஏழு அங்குலத்துக்கு மேல் ஃபோர்மேனுக்குச் சாதகம்.

முதலில் அடியைப் பார்ப்போம். 1985-இல் பிரிட்டனில் ஃபிராங்க் புரூனோ என்ற ஹெவிவெயிட் வீரரின் குத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்தார்கள். பிற்பாடு டைசனிடம் இரண்டு முறை நாக்அவுட் ஆனவர் இவர். கை புறப்பட்டு இலக்கைத் தொட எடுத்துக்கொண்டது வெறும் 0.1 விநாடி. தொடும்போது வேகம் விநாடிக்கு 8.9 மீட்டர். உச்ச விசை சுமார் 4,100 நியூட்டன், அதாவது 400 கிலோ பாரம் ஒரு கணம் முகத்தில் உட்கார்ந்து எழுந்தது போன்ற கணக்கு. இதில் கையின் வேகம் பாதிக் கதைதான். அந்தக் கைக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு சேர்ந்து வருகிறது என்பது மீதி. ஒலிம்பிக் வீரர்களை அளந்த ஆய்வு ஒன்றில், எடைப்பிரிவு கூடக்கூட அடி பலத்ததற்கு முக்கியக் காரணம் இந்தப் ‘பின்னால் வரும் நிறை’தான், கையின் வேகம் அல்ல. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளைப் பூட்டி அடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அது வாய்க்கும். இருவருக்கும் வாய்த்திருந்தது.

அடி வாங்கியவர் ஏன் மயங்குகிறார்? மூளை மண்டையோட்டில் போய் முட்டுவதால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். தலை சடக்கென்று சுழல்வதுதான் பெரிய ஆபத்து. மண்டையோடு திரும்பிவிடும், உள்ளே கூழ் போன்ற மூளை பின்தங்கும், நரம்பிழைகள் முறுக்கி இழுபடும். விழிப்பைக் காக்கும் மூளைத்தண்டு வரை இது எட்டினால் விளக்கு அணைந்துவிடும். கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் ஹூக் தாடையில் விழுந்தால் கொடுமையானது இதனால்தான்: கதவைக் கீல் பக்கம் தள்ளாமல் ஓரத்தில் தள்ளுவது போல, கழுத்தின் அச்சிலிருந்து தள்ளி இருக்கும் இடம் தாடை. வருவது தெரிந்தால் கழுத்துத் தசைகள் இறுகித் தலையைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். தெரியாத அடிக்கு அந்தக் காப்பும் இல்லை.

இங்கேதான் டைசனின் சாமர்த்தியம். கண்ணால் பார்த்து உடம்பு நகர ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், குத்தோ 0.1 விநாடியில் வந்துவிடுகிறது. ஆகவே வந்த குத்தைப் பார்த்து யாரும் விலகுவதில்லை. எதிராளியின் தோளை, இடுப்பைப் படித்து முன்கூட்டியே விலகுகிறார்கள், அல்லது டைசனைப் போல நிற்காமல் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே நுழைகிறார்கள்.

சரி, பழைய சண்டைகளை வைத்து ஊகிக்கலாமே? அதில் ஒரு வில்லங்கம். 1971-இல் ஃபிரேசியர் முகமது அலியை வென்றார். 1973-இல் ஃபோர்மேன் ஃபிரேசியரை நசுக்கினார். 1974 அக்டோபரில் கின்ஷாசாவில் அலி ஃபோர்மேனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அ, ஆவை வெல்வார், ஆ, இயை வெல்வார், இ மறுபடி அவை வெல்வார். ஆளுக்கு ஒரு பலம் என்று ஒற்றை எண் கொடுத்து வரிசைப்படுத்தும் எந்தத் தரவரிசையும் இந்த வட்டத்தைப் பிடிக்காது. 1970-இல் கம்ப்யூட்டரின் கணிப்பு என்று சொல்லி அலியும் பழைய ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோவும் மோதுவதைப் படமாக்கிக் காட்டினார்கள். அமெரிக்காவில் காட்டியதில் மார்சியானோ 13-ஆவது ரவுண்டில் ஜெயித்தார். ஒருவரை மட்டும் கைகாட்டும் கணிப்பை எனக்குப் பிடிப்பதில்லை. நூற்றுக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்லப்போனால், பெரிய அடிகாரர்கள் மோதும்போது திறமைக்கு மதிப்பு குறைகிறது. ஒவ்வொரு மோதலிலும் 55 சதவீத வாய்ப்பு உள்ளவர் 101 மோதல்களில் பாதிக்கு மேல் வெல்ல ஏறக்குறைய 84 சதவீத வாய்ப்பு உண்டு. ஒரே மோதலில் எல்லாம் முடிந்துவிட்டால் அவருக்கு அதே 55-தான். புள்ளி சேர்த்து 12 ரவுண்டு ஓடும் சண்டை முதல் வகை. ஃபோர்மேன், டைசன் சண்டை இரண்டாவது வகைக்கு மிகப் பக்கத்தில்.

இப்போது ஊட்டி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். மெக்சிகோ நகரமும் கிட்டத்தட்ட இதே உயரம்தான், 1968 ஒலிம்பிக்கில் 19 வயது ஃபோர்மேன் தங்கம் வாங்கிய ஊர். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கும் 21 சதவீதம்தான். காற்றழுத்தம் கால்வாசி குறைவு என்பதால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவு குறைகிறது. (காற்று இலேசானதால் குத்து வேகமாகுமா என்று கேட்காதீர்கள். கிளவுஸ் மீதான காற்றுத்தடை ஒரு நியூட்டன் அளவுதான்.) முதல் சில குத்துகளுக்கு வேண்டிய சக்தி தசையிலேயே சேமிப்பில் இருக்கிறது, அதற்கு மூச்சு வேண்டாம். செலவான சேமிப்பை, ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிட ஓய்வில் திரும்ப நிரப்பத்தான் ஆக்சிஜன் வேண்டும். ஆகவே மலை முதல் ரவுண்டைத் தொடாது, நாலாவது ரவுண்டிலிருந்து காலைப் பிடித்து இழுக்கும். இடைவிடாமல் குனிந்து நிமிரும் டைசனை அதிகமாக இழுக்கும் என்பது என் கணிப்பு. மெக்சிகோ தங்கத்தை ஃபோர்மேனுக்குச் சாதகமாகச் சேர்க்கவில்லை. அங்கே ஒரு சண்டை மூன்றே ரவுண்டு.

எண்களைப் போடுவோம். இவை அளந்தவை அல்ல, நான் வைத்துப் பார்ப்பவை. முதல் மூன்று ரவுண்டுகளில், ஒவ்வொன்றிலும் எதிராளியை வீழ்த்த இருவருக்கும் தலா 20 சதவீத வாய்ப்பு. மூன்று ரவுண்டு தாண்டும் வாய்ப்பு 0.6-ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, கிட்டத்தட்ட 22 சதவீதம். அதற்குப் பிறகு மலைக்காற்று டைசனின் வாய்ப்பைப் பாதியாக, 10-ஆகக் குறைக்கிறது என்று கொள்வோம். முடிவு: ஃபோர்மேன் 53, டைசன் 46, 12 ரவுண்டும் ஓடி நடுவர்கள் கையில் 1.

டைசனின் பலத்தைப் பாதியாக்கியும் ஃபோர்மேனுக்குக் கூடுதலாகக் கிடைத்தது மூணரை சதவீதத்துக்குள்தான். மூச்சு வாங்கும் நேரம் வரை சண்டை ஓடுவதே அபூர்வம். மாறாக, முதல் மூன்று ரவுண்டில் டைசனின் 20-ஐ 25 ஆக்கிப் பாருங்கள். டைசன் கிட்டத்தட்ட 52, ஃபோர்மேன் 48-க்குக் கொஞ்சம் கீழே என்று ஆட்டமே புரண்டுவிடுகிறது.

டீக்கடைப் பெரியவர் 25 கட்சி. “ஃபோர்மேன் நசுக்கின ஃபிரேசியருக்கு இடது ஹூக்குதான் ஆயுதம், டைசனுக்கு ரெண்டு கையும் பேசும் தம்பி” என்பது அவர் வாதம். நான் 20-லேயே நிற்கிறேன். தோளில் கைவைத்து ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டு, குனிந்து வரும் தலைக்குக் கீழிருந்து அப்பர்கட் விடுவது ஃபோர்மேனின் வழக்கம், டைசன் குனியாமல் உள்ளே வர முடியாது.