வால்மீனா, புகைக்கொடியா?

பாம்பனில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அறிவியல் கண்காட்சிக்கு வால்மீன் மாதிரி செய்துகொண்டிருந்தாள். அவள் அப்பா மீன்பெட்டிக்கு வாங்கிய ஐஸ் தூளில் மணலையும் கரித்தூளையும் கலந்து உருட்டியிருந்தாள். பொருத்தமான கலவைதான். வால்மீனின் கரு, பனியும் தூசியும் சேர்ந்த கட்டி என்று 1950இல் வானியலாளர் ஃபிரெட் விப்பிள் சொன்னார். அட்டையில் தலைப்பு எழுதும்போதுதான் தயங்கினாள். “வால்மீன்னு போட்டா, திருக்கை மீனான்னு கேக்குது எங்க அப்பத்தா.”

அப்பத்தா கேட்டதில் தவறில்லை. ஆனால், ‘மின்’ என்ற வேரிலிருந்து வந்த ‘மீன்’, வானில் மின்னுவதற்கும் பெயர். விண்மீனுக்கு மட்டுமல்ல, கோளுக்கும் அதுவே: புறநானூறு 117இல் கபிலர் சனியை ‘மைம்மீன்’ என்கிறார். ஆகவே, விண்மீன் அல்லாத இந்தப் பனிக்கட்டியை வால்மீன் என்பது சரி. ‘வால் நட்சத்திரம்’தான் பொருந்தாது.

வால்மீனின் ஆங்கிலப் பெயரான கோமெட் என்பது ‘நீள்முடி உடையது’ என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. கருவைச் சூழ்ந்த வாயுப்படலத்துக்குக் கோமா என்று பெயர். அதற்கும் முடி என்றே பொருள். நினைவிழந்த நிலையைக் குறிக்கும் கோமா, ஆழ்ந்த தூக்கம் என்று பொருள்படும் வேறொரு கிரேக்கச் சொல். கருவையும் வாயுப்படலத்தையும் சேர்த்து அட்டையில் ‘தலை’ என்றே எழுதலாம், குழப்பமில்லை.

வடமொழியில் தூமகேது, தூமம் புகை, கேது கொடி. கபிலர் அதே பாட்டில் ‘தூமம் தோன்றினும்’ என்கிறார். சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் ‘புகைக்கொடி தோன்றினும்’ என்கிறார். தீக்குறி என்ற அச்சம் அன்றும் இருந்தது; ஆனால், அது தோன்றினாலும் பாரியின் பறம்பு நாடு வளம் குன்றாது, காவிரி பொய்க்காது என்றே இருவரும் பாடுகிறார்கள். அந்த ‘உம்’ எனக்கு மிகவும் பிடிக்கும்.

எனக்குப் புகைக்கொடியே நெருக்கமான சொல். வால் என்றதும் பின்னால் இழுபடுவது என்று பிள்ளைகள் எண்ணிவிடுகிறார்கள். உண்மையில், சூரியக் காற்று வாயு வாலையும், ஒளியின் அழுத்தம் தூசி வாலையும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளுகின்றன. சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வால் முன்னே போகும். வடக்கிலிருந்து வீசும் பலத்த வாடைக்காற்றில் தெற்கே போகும் வல்லத்தின் கொடி முன்னால்தானே பறக்கிறது! இதைச் சொன்னதும் அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. பின்பக்கம் ஒட்டியிருந்த நைலான் நூலைப் பிய்த்து, சூரியனாக வைத்த பல்புக்கு எதிர்ப்பக்கம் ஒட்டினாள்.

தலைப்பில் ‘வால்மீன்’, அதன் கீழே ‘புகைக்கொடி’. ஹாலி வால்மீன் 1986இல் வந்துபோனது, அடுத்த வருகை 2061 என்பதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். அப்போது தனக்கு எத்தனை வயதிருக்கும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.