மழையில் பூக்களைப் படமெடுப்பவர்கள் லென்ஸையும் கொஞ்சம் கவனியுங்கள்

கேமரா பழுதுபார்க்கும் எங்களுக்கு மழைக்காலம் மார்ச்சில்தான் தொடங்கும். டிசம்பர், ஜனவரிப் பருவமழையில் சிங்கப்பூரின் ரயில் காரிடார் நடைபாதையிலும் வீவக அடுக்குமாடி புளோக் ஓரப் புல்வெளியிலும் குனிந்து குனிந்து பூக்களைப் படமெடுத்த மேக்ரோ லென்ஸ்கள் (சின்னப் பொருளைக் கிட்டே போய்ப் பெரிதாக எடுப்பவை) அப்போதுதான் ஒவ்வொன்றாக வரும். உள்கண்ணாடியின் ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். பூஞ்சை.

"மழையில நனைஞ்சிடுச்சு" என்பார்கள். ஆனால் பாதிக் காரணம் வீட்டு ஏர்கான். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கேமராவை வெளியே எடுத்த நொடியில் கண்ணாடி வியர்த்துவிடும். முன்பக்கத்தைத் துடைத்துவிடலாம், உள்ளே படிந்த ஈரத்தை என்ன செய்வது? அவசரப்பட்டு லென்ஸைக் கழற்றினால் சென்சாரும் வியர்க்கும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே பையை ஏர்கான் இல்லாத இடத்தில் வையுங்கள், ஜிப்பைத் திறக்காமல்.

இன்னொன்று, குழல். பழைய மேக்ரோ லென்ஸ்கள் பலவும் பூவுக்குக் கிட்டே ஃபோகஸ் செய்யும்போது முன்னால் நீளும். நீளும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். நீண்ட குழலில் துளி ஒட்டியிருக்கும்போது அப்படியே சுருக்கினால் துளியும் உள்ளே போய்விடும். முதலில் துடையுங்கள், அப்புறம் சுருக்குங்கள். வெதர் சீல், அதாவது ஈரத் தடுப்பு, உள்ள கேமரா என்று நம்பிவிடவும் வேண்டாம், லென்ஸிலும் அது இருக்க வேண்டும். லென்ஸின் பின்பக்கம் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். கொட்டும் மழையில் நிற்பதைவிட, விட்டவுடன் காற்று அடங்கும் சில நிமிடங்களே நல்லது. தொட்டாற்சுருங்கியின் பூ நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு படம் சொதப்பும். செண்டுடுக் என்ற புதர்ச்செடியின் பூ அப்படியில்லை. ஊதா இதழ் துளியைத் தாங்கும், நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்களும் வளைந்த ஊதாத் தாள்களும் தனித்தனியாக நிற்கும். ஒரு பூ ஒரு நாள்தான், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். முழு ஃபிரேம் கேமராவில் 1:1 அளவில் (பூவின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி) லென்ஸ் துவாரத்தை எஃப் 8-இல் வைத்தால் தெளிவாக விழுவது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். எனவே துளியும் தாளும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் வருகிற மாதிரி நகர்ந்து நில்லுங்கள். துளிக்குள் பின்னாலிருக்கும் பூ தலைகீழாகத் தெரியும். அது வேண்டுமானால் துளியின் மேற்பரப்பை விட்டுவிட்டு உள்ளே தெரியும் பிம்பத்தில் ஃபோகஸ் செய்யுங்கள். ஸ்ப்ரே பாட்டிலால் துளி தெளிப்பது எனக்குப் பிடிக்காது, பொய் பல்லிளிக்கும்.

இடி கேட்டால் ட்ரைபாடைத் தூக்கிக்கொண்டு கூரைக்குள் போய்விடுங்கள். இந்த ஊரில் மின்னல் விளையாட்டல்ல.

வீட்டுக்கு வந்ததும் ஈரப்பையிலேயே போட்டு மூடாதீர்கள். துடைத்து, மின்விசிறியின் கீழே உலரவிட்டு, 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உள்ள டிரை பாக்ஸில், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில், வையுங்கள். அரிசியில் புதைப்பதால் தூசிதான் உள்ளே போகும். மாதம் ஒருமுறை டார்ச் அடித்து லென்ஸுக்குள் பாருங்கள். ஓரத்தில் ஒரு இழை தெரியும்போதே கொண்டுவந்தால் பெரும்பாலும் துடைத்து எடுத்துவிடுவோம். கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சான கோட்டிங்கை அரித்த பிறகு வந்தால் பூஞ்சை போகும், தழும்பு போகாது.