அத்தை கால்ல செருப்பு நிக்கல

பொங்கல் முடிஞ்சி ஒரு பத்து நாள் இருக்கும், குறிஞ்சிப்பாடி பக்கத்துல இருந்து அத்தை போன் பண்ணாங்க. "தம்பி, சோத்துக்கை பக்கத்து கால்ல செருப்பே நிக்க மாட்டேங்குதுடா, கழண்டு எங்கயோ பின்னாடி கெடக்குது, எனக்கு தெரியவே மாட்டேங்குது"ன்னாங்க. வலி இருக்கான்னு கேட்டா இல்லையாம். அதுக்குள்ள தெருவே கூடி வாதம் அடிச்சிருச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க, ஒருத்தர் புறா ரத்தம் தேய்க்க புறாவுக்கே சொல்லி வச்சிட்டாராம்.

நான் கடலூர்ல பிசியோதெரபிஸ்ட். வாய் கோணுச்சா, பேச்சு கொழறுச்சா, அந்தப் பக்கத்து கை தொவண்டுச்சான்னுதான் மொதல்ல கேட்டேன், அதுல ஒண்ணு இருந்திருந்தாலும் யோசிக்காம 108க்கு போன் போட சொல்லியிருப்பேன். எதுவும் இல்ல. அடுத்து, "ரெண்டு நாளா என்னா வேலை பாத்தீங்க?"ன்னேன். "மல்லாட்டை கொல்லையில (நிலக்கடலைதான்) களை எடுத்தோம், காலைல குந்துனா மதியம் சோத்துக்குத்தான் எழுந்திருக்கறது." அங்கயே எனக்கு பாதி விஷயம் புரிஞ்சி போச்சு.

நீங்களும் இப்ப ஒண்ணு பண்ணிப் பாருங்க. முட்டிக்கு வெளிப்பக்கம் கொஞ்சம் கீழ ஒரு எலும்பு குமிழ் மாதிரி தட்டுப்படும், அதுக்கு அடியில விரல வச்சி பின்னாடி இருந்து முன்னாடி லேசா உருட்டுங்க. ஒரு கயிறு மாதிரி எதுனா நழுவும், செல பேருக்கு பொறங்கால் வரைக்கும் சுர்ருன்னு இழுக்கும். அதுதான் பெரோனியல் நரம்பு. முழங்கைய இடிச்சிக்கிட்டா ஷாக் அடிக்குமே, அதோட கால் வெர்ஷன்னு வச்சிக்கோங்க. தொடையில கனமான சதைக்கு அடியில பத்திரமா வந்த நரம்பு, இங்க வந்ததும் எலும்ப சுத்திக்கிட்டு முன்பக்கம் திரும்புது, மேல இருக்கறது தோலும் கொஞ்சம் கொழுப்பும் மட்டுந்தான். குந்தி உக்காந்தா முட்டி முழுசா மடங்கி, பின்தொடை சதையோட தசைநாரும் கெண்டைக்கால் சதையும் ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம்னு நடுவுல நரம்பு நசுங்குது. அத்தைக்கு சுகர் வேற இருக்கு, போன வருஷம் காய்ச்சல்ல படுத்து நல்லா எளச்சும் போயிருந்தாங்க, அதனால இருந்த கொஞ்ச மெத்தையும் போச்சு.

ஆனா இதோட விட்டுட முடியாது, ஏன்னா பாதம் தொங்குறதுக்கு இன்னொரு பெரிய காரணம் முதுகுல டிஸ்க் பிதுங்கி நரம்பு வேர அழுத்துறது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், பாதத்த மேல தூக்க வராது, கட்டை விரல் தொங்கும், நடந்தா முட்டிய ஒசத்தி ஒசத்தி கெடிலம் ஆத்து தண்ணில எறங்கி நடக்கற மாதிரி வைப்பாங்க, பாதம் டப்பு டப்புன்னு தரையில அடிக்கும். எங்க அடைப்புன்னு எப்படி கண்டுபிடிக்கறது? எனக்கு இந்த வேலையிலயே ரொம்ப புடிச்ச எடம் இதுதான்.

காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஆளுங்களுக்கு சுலுவா புரியும், அவங்க கடைமடைக்காரங்க. முதுகுல எல்-5னு ஒரு நரம்பு வேர் இருக்கு, அத மதகுன்னு வச்சிக்கோங்க. அதுல இருந்து தண்ணி பாயற மூணு வயல மட்டும் பாப்போம். மொத வயல் இடுப்புல, குளூட்டியஸ் மீடியஸ்னு ஒரு சதை, இடுப்புக்கூட்டுக்குள்ளயே தனி வாய்க்கால் பிரிஞ்சி அதுக்கு போயிடுது. மிச்சம் மேலயும் கீழயும் இருக்கற மத்த வேர்களோட சேந்து சயாட்டிக் நரம்பா ஆவுது. நம்ம ஒடம்புலயே தடியான நரம்பு அது, ஆரம்பத்துல கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் அகலம், புட்டத்து சதைக்கு அடியில எறங்கி முட்டிக்கு மேல ரெண்டா பிரியும். ஒண்ணு பின்பக்கமா போவுது, பாதத்த உள்பக்கமா திருப்பற சதை அதுல இருக்கற ரெண்டாவது வயல். இன்னொண்ணுதான் நம்ம பெரோனியல், பாதத்த மேல தூக்கற சதை மூணாவது வயல். மதகே அடைச்சா மூணும் காயும். கடைசி கிளை வாய்க்கால் மட்டும் அடைச்சா மூணாவது மட்டும் காயும், அவ்ளோதான் கணக்கு.

ஞாயித்துக்கெழம போயி அத்தைய சுவரோரமா நிக்க வச்சி, அந்த கால்லயே ஒத்தக்கால்ல நில்லுங்கன்னேன். இடுப்பு சதை வீக்கா இருந்தா தூக்குன கால் பக்கம் இடுப்பு சாஞ்சி எறங்கிடும், டிரெண்டலன்பர்க்னு ஒரு ஜெர்மன் சர்ஜன் 1895ல எழுதி வச்சது, இன்னிக்கும் ஒரு பைசா செலவில்லாத டெஸ்ட். அத்தை கொக்கு மாதிரி நேரா நின்னாங்க. அப்பறம் பாதத்த நான் கொஞ்சம் தூக்கிப் புடிச்சிக்கிட்டு உள்பக்கம் திருப்ப சொன்னேன், என் கைய தள்ளிவிட்டாங்க. வெளிப்பக்கம் திருப்பவும் மேல தூக்கவும் மட்டும் சுத்தமா வரல. பொறங்கால் மரத்து இருந்துச்சு, உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டுனா காலையே இழுத்துக்கிட்டாங்க. மதகு நல்லா இருக்கு, அடைப்பு முட்டிக்குக் கீழதான்.

முழுசா சொல்லணும்னா இதுலயும் ஒரு ஏமாத்து வேல உண்டு. பெரோனியல் இழைங்க சயாட்டிக்குக்குள்ளயே வெளிப்பக்கமா தனியா ஓடுது, அடிபட்டா அதுதான் மொதல்ல மாட்டும். அதனால பைக் ஆக்சிடென்ட்ல இடுப்பு மூட்டு பின்னாடி நழுவுனாலும், புட்டத்துல ஊசி தப்பான எடத்துல எறங்குனாலும் பாதம் மட்டும் தொங்கிக் காட்டும். ஊசிய மேல் பக்கம் வெளி மூலையில போடுறது இந்த நரம்புக்கு பயந்துதான். சந்தேகம்னா தொடைக்குப் பின்னாடி பைசெப்ஸ் ஃபெமோரிசோட சின்ன தலைன்னு ஒரு சதையில ஈஎம்ஜி ஊசி, அதாவது சதையோட மின் சிக்னல அளக்கற ஊசி வச்சி பாப்பாங்க, பெரோனியல் பங்குல முட்டிக்கு மேல இருக்கற ஒரே சதை அதுதான், அது கெட்டிருந்தா அடி மேலன்னு அர்த்தம்.

சரி, நசுங்குன நரம்புக்குள்ள என்னதான் ஆவுது? ஒவ்வொரு இழை மேலயும் மயலின்னு ஒரு கொழுப்பு உறை துண்டு துண்டா சுத்தியிருக்கும், துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல சின்ன இடைவெளி, சிக்னல் அந்த இடைவெளிக்கு இடைவெளி தாவித்தான் போவும், கால்ல செகண்டுக்கு சுமார் 50 மீட்டர் வேகம். கால் மரத்துப் போயி எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, அது ரத்தம் கொறஞ்சதால வர்றது, எழுந்து ஒதறுனா நிமிஷத்துல சரியாயிடும். மணிக்கணக்கா அழுத்துனா கதையே வேற, 1972ல பபூன் குரங்கு கால்ல பட்டை கட்டி அழுத்தி பாத்தாங்க, மயலின் துண்டே எடம் நழுவி பக்கத்து துண்டுக்குள்ள சொருகிக்கிட்டு இருந்துச்சு. தாவ எடமே இல்ல, சிக்னல் அங்கயே நின்னுடுது. ஆனா உள்ள இருக்கற கம்பி அறுபடல. செடன்ங்கற இங்கிலாந்து டாக்டர் 1943ல நரம்பு காயத்த மூணா பிரிச்சாரே, அதுல மொதல் வகை, நியூராப்ராக்சியா. மயலின் திரும்ப வளந்துட்டா சில வாரத்துல இருந்து ரெண்டு மூணு மாசத்துல கால் திரும்பிடும். கம்பியும் அறுந்திருந்தா ரெண்டாவது வகை, அது நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும், மாசத்துக்கு ஒரு இஞ்ச்சுக்கு கொஞ்சம் மேலதான் வரும், பொறுமைதான் வைத்தியம். மூணாவது நரம்பே துண்டாறது, அதுக்கு ஆபரேஷன்.

எந்த வகைன்னு பாக்க நரம்பு டெஸ்ட் எடுக்கணும், ஈஎம்ஜியில முழு சேதமும் தெரிய ரெண்டு மூணு வாரம் ஆவும், அதனால மறுநாளே ஓடிப்போயி பிரயோஜனம் கம்மி. எங்க பக்கம் இதுக்கெல்லாம் புதுச்சேரி கோரிமேட்டுக்கு, ஜிப்மருக்கு விடிகாலையில பஸ் ஏறிடுவாங்க, நாங்களும் ஏறுனோம். மொதல் வகைன்னு வந்துச்சு. ஒரு ஸ்ப்ளிண்ட் போட்டு பாதத்த நிமித்தி வச்சோம், இல்லன்னா நரம்பு திரும்பறதுக்குள்ள குதிகால் நரம்புன்னு ஜனங்க சொல்ற அந்த தசைநார் சுருங்கிடும். குந்துறதுக்கும் கால் மேல கால் போடறதுக்கும் தடா. எண்ணெய் தேய்ச்சா தப்பில்லையான்னு கேட்டாங்க, தேய்ங்க, ஆனா அந்த குமிழ் எலும்பு பக்கம் அழுத்தாதீங்கன்னேன். புறா பொழச்சிக்கிச்சு.

எல்லா தொங்கு பாதமும் இவ்ளோ சாதுவானது இல்ல. தோல்ல வெளிறின உணர்ச்சியில்லாத தேமல் இருந்து இந்த நரம்பும் தடிச்சிருந்தா தொழுநோய் பாக்கணும், மருந்து இலவசம். முதுகுவலியோட ஒண்ணுக்கு நிக்குது, உக்கார்ற எடமே மரத்துப்போச்சுன்னா அன்னிக்கே ஆஸ்பத்திரி, காத்திருக்கவே கூடாது.

ஏழாவது வாரம் அத்தை வீடியோ கால் போட்டு கட்டை விரல மட்டும் ஆட்டிக் காட்டுனாங்க. அடுத்த களைக்கு முக்காலி ஒண்ணு எடுத்துட்டு போயிருக்காங்க, கொல்லைக்காரர் மொறச்சாராம். அதோட நிக்கல, கூட களை எடுக்கறவங்களுக்கும் அந்த குமிழ் எலும்ப காட்டி உருட்ட சொல்லியிருக்காங்க, வரப்புல வரிசையா ஒக்காந்து எல்லாரும் முட்டிய தடவிக்கிட்டு ஐயோ சுர்ருங்குதுக்கான்னு கத்துனதுல அரை மணி நேர வேலை போச்சாம்.