பாட்டுக் கருவியின் சிறிய திரையில் தமிழ் உடையாமல் இருக்க

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பட்டாலையில் உட்கார்ந்து, எண்பது வயதைக் கடந்த ஆச்சி ஒருவரின் ஐபாடைச் சென்ற ஆண்டு கையில் வாங்கிப் பார்த்தேன். சிங்கப்பூரிலிருந்து அவருடைய மகன் கொண்டுவந்து கொடுத்த, 2005-ல் வெளிவந்த ஐந்தாம் தலைமுறைக் கருவி. 30 ஜிபி கொள்ளளவு. ராக்பாக்ஸ் என்ற திறமூல ஃபர்ம்வேர், அதாவது கருவியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், அதில் முன்பே போடப்பட்டிருந்தது. பாட்டு ஓடியது, ஒலி தெளிவாக இருந்தது. ஆனால் திரையில் இருந்த முதல் கோப்புறையின் பெயரை என்னால் உடனே படிக்க முடியவில்லை. ‘கொப்புடையம்மன்’ என்று இருக்க வேண்டிய இடத்தில், ஒற்றைக்கொம்பு க-வுக்கு வலப்புறம் கிடந்தது. ‘டை’க்கு உரிய இணைக்கொம்பு நகர்ந்துபோய் ய-வின் முன்னால் நின்றதால், ‘டயை’ என்று வாசிக்கும்படி இருந்தது. காரைக்குடிக்காரனான எனக்கே அம்மன் பெயரைப் பிடிக்கச் சில நொடிகள் ஆயின.

நான் எம்பெடட் மென்பொருள், அதாவது சிறு கருவிகளுக்குள் ஓடும் மென்பொருள், எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன். மாலை நேரங்களில் செட்டிநாட்டு ஊர்களில் தெரிந்தவர்களின் பழைய இசைக் கருவிகளைச் சரிபார்த்து, திறமூல ஃபர்ம்வேர் போட்டுக் கொடுத்து வருகிறேன். தமிழ் எழுத்து உடைவதைச் சரிசெய்ய வேண்டிய இடம் பாட்டுக் கோப்பு அன்று, ஃபர்ம்வேர்தான் என்பதே இந்த அனுபவத்திலிருந்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. அந்த வேலை பலர் அஞ்சுகிற அளவுக்குப் பெரியதும் அன்று.

ராக்பாக்ஸ் 2001-ன் இறுதியில் ஸ்வீடன் நாட்டு நிரலாளர்கள் சிலர் ஆர்கோஸ் நிறுவனத்தின் பாட்டுக் கருவிகளுக்காகத் தொடங்கிய பணி. அந்த முதல் கருவிகளில் இருந்த நினைவகம் 2 எம்பி மட்டுமே. சி மொழியிலும் அசெம்பிளியிலும் எழுதப்பட்டு, ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடப்படும் இந்த ஃபர்ம்வேர் பின்னர் ஐபாட், சான்சா உள்ளிட்ட பல கருவிகளுக்கு விரிந்தது. 2008-ல் 3.0 பதிப்பும், 2019-ல் 3.15 பதிப்பும் வந்தன. தயாரித்த நிறுவனங்கள் கைவிட்ட பிறகும் இருபது ஆண்டுப் பழைய கருவிகள் ஃபிளாக், ஓபஸ் கோப்புகளை இன்று பாடுவது இப்படிப்பட்ட உழைப்பால்தான். அவ்வளவு சிறிய நினைவகத்துக்காகத் திட்டமிடப்பட்ட அமைப்பில், ஒரு குறியீட்டு எண்ணுக்கு (கணினியில் ஒவ்வொரு எழுத்துக் குறிக்கும் உரிய எண்) ஒரு புள்ளிப்படம் என்ற எளிய எழுத்துரு முறை இருப்பது இயல்பானது. ஆங்கிலத்துக்கு அது போதும். குறிகளை இடம் மாற்றிச் சேர்க்க வேண்டிய தமிழுக்குப் போதாது.

ஆச்சியின் கருவியில் நான் கண்ட இன்னொரு கோளாறு இதைவிட வருத்தம் தந்தது. சில கோப்புறைகளில் பாட்டுப் பெயர்கள் மட்டும் திரையில் சரியாகத் தெரிந்தன. கணினியில் இணைத்துப் பார்த்தால் அதே பெயர்கள் உடைந்திருந்தன. முன்பு பாட்டு ஏற்றிக் கொடுத்த கடையில், திரையில் அழகாகத் தெரிவதற்காகக் கொம்பை எழுத்துக்கு முன்னால் தட்டச்சு செய்து, கோப்பின் பெயர்ச்சீட்டையே, அதாவது பாட்டின் தலைப்பு முதலியவை கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கும் பகுதியையே, மாற்றிவிட்டிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அந்தக் கோப்புகளைச் சிங்கப்பூரில் இருக்கும் மகன் தன் கைபேசியில் ஏற்றியபோது ஒரு பெயரும் விளங்கவில்லை. தேடினால் கிடைக்கவும் இல்லை. நானூறுக்கும் மேற்பட்ட கோப்புகளை ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அவற்றில் பல, குடும்பத்துப் பெரியவர்கள் பாடி நாடாவில் பதிவுசெய்து வைத்திருந்தவை. வேறெங்கும் பிரதி இல்லாதவை. ஒரு திரைக்காகத் தரவைக் கெடுத்தால் மற்ற எல்லாத் திரைகளிலும் அது கெட்டுத்தான் தெரியும். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். செய்து தருவதாகச் சொல்பவர்களிடமும் கொடுக்காதீர்கள்.

பெயர்ச்சீட்டு பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பழைய எம்பி3 கோப்புகளில் இருக்கும் ஐடி3 முதல் பதிப்புச் சீட்டில் தலைப்புக்கு 30 பைட் இடமே உண்டு. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்வதால், அதில் பத்துக் குறிகளே அடங்கும். ‘கொப்புடையம்மன்’ என்பது நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. ஆனால் உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணினால் பதினான்கு குறிகள், 42 பைட். எனவே அந்தச் சீட்டில் எழுதினால் ‘கொப்புடையம’ என்று அறுந்து நிற்கும். இந்த வகைக் குறையை ஃபர்ம்வேரில் எவ்வளவு தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஐடி3 இரண்டாம் பதிப்புச் சீட்டில் யூனிகோடு முறையில் எழுதுவதே இதற்கு வழி. டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் எழுதப்பட்ட சீட்டுகளையும் முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கோப்பு தூய்மையாக இருந்தால்தான், அதன் பிறகு தெரிகிற குறை ஃபர்ம்வேருடையது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இனி ஃபர்ம்வேருக்கு வருவோம். தமிழில் 247 எழுத்துகள் என்றதும் சிறிய கருவியில் அவ்வளவும் எப்படி அடங்கும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் அச்சம் போய்விடும். உயிர் பன்னிரண்டும் ஆய்தமும் சேர்ந்து 13 வடிவங்கள். பதினெட்டு மெய்களுக்கும் க், க, கி, கீ, கு, கூ என்னும் ஆறு வடிவங்கள் தனியாக வரையப்பட வேண்டும், அவை 108. காலும் மூவகைக் கொம்பும், ஔகாரத்தின் வலப்பக்கக் குறியும் தனிக் குறிகளாக 5. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகியவற்றுக்கு அதே கணக்கில் 30, ஸ்ரீ ஒன்று. மொத்தம் 157. பதினாறுக்குப் பதினாறு புள்ளிச் சதுரத்தில் ஒரு வடிவத்துக்கு 32 பைட் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 5 கேபி. ஓரங்களை மென்மையாக்க ஒரு புள்ளிக்கு 4 பிட் கொடுத்தாலும் 20 கேபிதான். ஒரு பாட்டின் அட்டைப் படம்கூட இதைவிடப் பெரியது.

இடம் மாற்றும் விதியும் நம் மொழியில் எளிது. மெய்யும் மெய்யும் அடுத்து வந்தால், தேவநாகரியில் போல அவை கூட்டெழுத்தாகப் பிணைவதில்லை. ‘ப்பெ’ என்பதில் கொம்பு இரண்டாவது ப-வுக்கு முன்னால் மட்டும் வரும். ஆகவே கொம்புக்குறி வந்ததும் ஒரே ஒரு மெய்யைப் பின்னோக்கிப் பார்த்து, அதன் முன்னால் வைத்தால் போதும். க்ஷ மட்டும் விலக்கு. அங்கே மூன்று குறிகளை ஒன்றாகக் கொள்ள வேண்டும். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்து ஒன்றை முன்னும் ஒன்றைப் பின்னும் வைக்க வேண்டும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறி கோப்பில் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வரலாம். யூனிகோடு இரண்டையும் சமமாகக் கொள்வதால் நம் நிரலும் அப்படியே கொள்ள வேண்டும்.

இந்த மாற்றத்தை எந்த இடத்தில் செய்வது என்பதில்தான் கவனம் தேவை. வலமிருந்து இடமாக எழுதப்படும் ஹீப்ரு, அரபி மொழிகளுக்காக, உரையைத் திரைக்கு அனுப்புவதற்குச் சற்று முன்னால் அதைப் பார்வை வரிசைக்கு மாற்றும் ஒரு கட்டம் ராக்பாக்ஸில் ஏற்கெனவே உண்டு. அரபி எழுத்துகளைச் சேர்த்து எழுதும் அட்டவணையும் அங்கே இருக்கிறது. தமிழுக்கான மாற்றத்தையும் அந்தக் கட்டத்தில் வைத்தால், உள்ளே இருக்கும் கோப்புப் பெயரும் தரவுத்தளமும் தொடப்படாமல் அப்படியே இருக்கும். இதில் நான் செய்த பிழை ஒன்றைப் பதிவு செய்கிறேன். வரையும் செயற்கூறில் (நிரலின் ஒரு பகுதி) மட்டும் மாற்றத்தைச் சேர்த்துவிட்டு, வரியின் அகலத்தை அளக்கும் செயற்கூறை மறந்துவிட்டேன். எழுத்து சரியாகத் தெரிந்தது. ஆனால் நீண்ட பெயர்கள் நகரும்போது கடைசி எழுத்து வெட்டுப்பட்டது. அளப்பதும் வரைவதும் ஒரே மாற்றத்தின் வழியாகச் செல்ல வேண்டும்.

கருவியில் ஏற்றுவதற்கு முன் கருவியைப் போலவே கணினியில் ஓடும் சிமுலேட்டரில் சோதித்துவிடலாம் என்பது பெரிய வசதி. கொப்புடையம்மன், பிள்ளையார்பட்டி, கோட்டையூர், தேவகோட்டை, பௌர்ணமி, க்ஷேத்திரம் என்று பத்துப் பதினைந்து பெயர்களைச் சோதனைக் கோப்புறைகளாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அவற்றைத் திறந்து பார்க்காமல் மேலே போவதில்லை. அகர வரிசை தனிச் சிக்கல்: யூனிகோடு எண் வரிசையில் ன-வுக்கு இடம் ந-வை அடுத்து, ற-வுக்கு இடம் ர-வை அடுத்து இருப்பதால், பட்டியல் நம் அகராதி வரிசையில் வராது. அதை எழுத்துருத் திருத்தத்தோடு கலக்காமல் வேறொரு பேட்சாக (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) ராக்பாக்ஸ் பணிக்குக் கொடுப்பதே நல்லது. வேற்று நாட்டிலிருந்து தமிழ் தெரியாமல் நம் நிரலைப் படித்துச் சரிபார்க்கப் போகிறவர்களுக்கு, ஒரு பேட்ச் ஒரே ஒரு வேலையைச் செய்வதும், சரியான தோற்றத்தையும் தவறான தோற்றத்தையும் அருகருகே காட்டும் படம் ஒன்று உடன் இருப்பதும் பெரிய உதவி.

ஃபர்ம்வேரைப் போட நினைப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சில எச்சரிக்கைகள். கருவியின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது; சான்சா ஃபியூஸ் போன்றவற்றில் ஒரே பெயரில், உள்ளே வெவ்வேறு சிப் கொண்ட இரண்டு வகைகள் உண்டு. அமைப்புத் தகவலில் காட்டப்படும் பதிப்பு எண் 01 என்று தொடங்குகிறதா, 02 என்று தொடங்குகிறதா என்று பார்த்துத்தான் கோப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபாட் ஒன்று மேக் கணினியில் வடிவமைக்கப்பட்டிருந்தால் முதலில் ஃபேட்32 முறைக்கு மாற்ற வேண்டும். அப்போது உள்ளே இருப்பது முழுவதும் அழிந்துவிடும் என்பதால் பாட்டுகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி உப்பி, மூடி தூக்கியிருந்தால் மின்னேற்றவே வேண்டாம்.

ஆச்சிக்கு எழுத்தைச் சரிசெய்து கொடுத்த பிறகுதான், கண்நீர் அழுத்த நோயால் அவருக்குப் பார்வை மங்கி வருவதை மருமகள் சொன்னார். ராக்பாக்ஸ் பட்டியல்களைக் குரலில் படிக்கும் வசதி கொண்டது; பார்வையற்றோர் பலர் இந்த ஃபர்ம்வேரை நாடுவதற்கு அதுவே காரணம். எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக் மென்பொருளால் தமிழ்க் குரல் கோப்புகளை உருவாக்க முடியும். அதைவிட, கோப்புறைப் பெயர்களைப் பேத்தியின் குரலிலேயே பதிவு செய்து ஏற்றினோம். சக்கரத்தைத் திருப்பும்போது பேத்தி கூப்பிட்டுச் சொல்வதுபோல ஒவ்வொரு பெயராகக் கேட்டது. ஆச்சி இரண்டு முறை மேலும் கீழும் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே கோப்புறையைத் திறந்து பாட்டைப் போட்டுக்கொண்டார்.

எண்கள் மட்டும் இடறின. குரல் வசதி, எண்களைத் துண்டுகளைச் சேர்த்துச் சொல்கிறது; ஆங்கிலத்துக்குப் பொருந்துகிற அந்த முறையில், இருபத்து மூன்றாவது பாட்டு ‘இருபது மூன்று’ என்று வந்தது. “தம்பி, நாம இருபத்தி மூணுன்னுதானே சொல்லுவோம்? இருபதா மூணான்னு தெரியலையே” என்றார் ஆச்சி. தீர்வும் அவர் வாக்கிலேயே இருந்தது. இருபது தனியாக வரும்போது ஒரு துண்டும், பின்னால் எண் தொடரும்போது ‘இருபத்தி’ என்று இன்னொரு துண்டும் வேண்டும். இருபது முதல் தொண்ணூறு வரை எட்டும், ‘நூத்தி’ ஒன்றுமாக ஒன்பது துண்டுகளைக் கூடுதலாகப் பதிவு செய்து, எண்ணைச் சொல்லும் நிரலில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் நூற்றுத் தொண்ணூற்று ஒன்பது வரை சரியாகிவிடும். அந்த ஒன்பதையும் பேத்தி பதிவு செய்துவிட்டார். இருநூறு முதல் தொள்ளாயிரம் வரையிலான துண்டுகளை அடுத்த விடுமுறைக்கு வரும்போது பதிவு செய்ய இருக்கிறோம்.