கிரைசிஸ் கம்யூனிகேஷன்: கெட்ட பெயரை மீட்பதற்குத் தமிழில் என்ன சொல்?

கம்பெனி வட்டாரத்தில் இப்போது அடிக்கடி காதில் விழும் சொல் ‘கிரைசிஸ் கம்யூனிகேஷன்’. தின்பண்டத்தில் புகார், ஆலையில் விபத்து, வாட்ஸப்பில் சுற்றும் காணொளி என்று ஏதோ ஒன்றால் ஒரு நிறுவனத்தின் பெயர் கெடுகிறது. அப்போது அதன் சார்பில் மக்களிடம் பேசுவதும், அது எழுந்து வரும்வரை கூடவே நிற்பதும்தான் இந்த வேலை.

முதலில் கிரைசிஸ். இது கிரேக்கச் சொல். பிரித்துப் பார்த்துத் தீர்மானிப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. விமர்சகரைக் குறிக்கும் ‘கிரிட்டிக்’ என்பதற்கும் அதே வேர்தான். பழைய கிரேக்க மருத்துவர்கள், நோயாளி பிழைப்பாரா மாட்டாரா என்று தெரிந்துவிடும் கட்டத்துக்கு இந்தப் பெயரை வைத்திருந்தார்கள். ‘இன்னிக்கு ராத்திரி தாண்டிட்டா போதும்’ என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அந்த ராத்திரிதான் கிரைசிஸ்.

நாம் சொல்லும் ‘நெருக்கடி’ வேறு வழியில் வந்தது. நெருங்கு, நெருக்கு என்பதிலிருந்து பிறந்தது, கூட்ட நெரிசலைக் குறிப்பது. ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வாசலில் நின்றவர்களுக்கு இதற்கு அகராதி வேண்டாம். முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. அந்த நெரிசல்தான் பண நெருக்கடி ஆயிற்று, வேலை நெருக்கடி ஆயிற்று, 1975இல் எமர்ஜென்சி வந்தபோது நெருக்கடி நிலையும் ஆயிற்று. கிரேக்கச் சொல்லில் இருப்பது தீர்மானிக்கும் நேரம். நம் சொல்லில் இருப்பது மூச்சு முட்டும் நிலை. உள்ளே மாட்டிக்கொண்டவரின் பாட்டைச் சொல்வதால் எனக்கு நம் சொல் பிடிக்கும். ஆனால் மூச்சு முட்டும்போது எழுதுகிற அறிக்கை எப்படி வரும் என்பதையும் நேரில் பார்த்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஆத்தூர் சாலையில் சேகோ ஆலை வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டார். அவருடைய ஜவ்வரிசியில் மக்காச்சோள மாவு கலந்திருப்பதாகப் பேச்சு பரவிவிட்டது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி மாவில்தான் ஜவ்வரிசி செய்ய வேண்டும், வேறு மாவு சேர்ந்தால் கலப்படம். மறுப்பு அறிக்கை ஒன்றை அவரே எழுதி வைத்திருந்தார். ‘எங்கள் வளர்ச்சி பொறுக்காத சில விஷமிகள்’ என்று தொடங்கியது.

“ஏனுங்கண்ணா, கலந்தது நெசமுங்களா?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் களத்தில் காய்கிற ஜவ்வரிசியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “கிழங்கு வரத்து இல்லாதப்போ வெளியில ஒரு லோடு மாவு வாங்குனேன் தம்பி. அதுல இருந்திருக்குது.”

“அதுல எத்தனை மூட்டை போட்டீங்க?”

“நூத்தி எம்பது.”

“எங்கெங்கே போச்சுங்க?”

கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்தார். சேலத்து ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரம்தான் பெரிய சந்தை, மூட்டைகளில் பாதி அங்கே போயிருந்தது. “அப்ப இதைத்தான் எழுதோணும்” என்றேன். ‘விஷமிகள்’ வரியை அடித்துவிட்டு, மூட்டைக் கணக்கை எழுத ஆரம்பித்தோம்.

கம்யூனிகேஷன் என்பதும் இதுதான். லத்தீனில் ‘பொதுவானது’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஒருவரிடம் இருப்பதை எல்லோருக்கும் பொதுவாக்குவது. தமிழ்நாட்டில் ‘தொடர்பு’ என்கிறோம், அரசுக்கே செய்தி மக்கள் தொடர்புத் துறை இருக்கிறது, பி.ஆர்.ஓ.வுக்கு ‘மக்கள் தொடர்பு அலுவலர்’ என்ற பெயரும் நிலைத்துவிட்டது. ஈழத் தமிழர்கள் ‘தொடர்பாடல்’ என்கிறார்கள். உரையாடல் போல இரண்டு பக்கமும் நடப்பது என்ற பொருள் அதிலேயே இருக்கிறது, அதனால் நான் அதையே எடுத்துக்கொள்கிறேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததே, அன்றைக்கு மேலே இருந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: இறங்க எந்த வழி திறந்திருக்கிறது, அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா? கேட்பவருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் விடுகிற அறிக்கையைத் தொடர்பாடல் என்று சொல்ல முடியாது.

சரி, நிறுவனம் பழைய நிலைக்கு வருவதை மீட்சி என்பதா, மீட்பு என்பதா? ஆள் என்பதிலிருந்து ஆட்சி வந்த மாதிரி மீள் என்பதிலிருந்து மீட்சி வந்தது. தானாகத் திரும்பி வருவது மீட்சி. காய்ச்சலிலிருந்து உடம்பு மீள்கிறது. மீட்பு அப்படியில்லை, ஒருவர் கைப்பொருள் கொடுத்துத் திருப்புவது. செவ்வாய்ப்பேட்டை அடகுக்கடையில் வைத்த கொலுசு தானாக வீட்டுக்கு வராது. அசலும் வட்டியும் கட்டித்தான் மீட்க வேண்டும்.

பெயரும் அப்படித்தான் என்பது என் உறுதியான எண்ணம். 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரை சாப்பிட்ட 7 பேர் இறந்தார்கள். யாரோ கடைகளில் இருந்த புட்டிகளில் சயனைடைக் கலந்திருந்தார்கள். அந்த மாத்திரையை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி, தன் ஆலையில் தப்பில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மாத்திரையைச் சாப்பிட வேண்டாம் என்று நாடு முழுக்க எச்சரித்து, சுமார் 3 கோடியே 10 லட்சம் புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிகிற மாதிரி புதிய முத்திரையோடு சில மாதங்களில் மறுபடி கடைக்கு வந்தது, விட்ட சந்தையையும் பிடித்தது. தொடர்பு அலுவலர்கள் மக்களிடம் சொல்வதற்கு ஏதோ இருந்தது என்றால், நிறுவனம் அந்தச் செலவை ஏற்றுக்கொண்டதால்தான். செலவு இல்லாத இடத்தில் எவ்வளவு நயமாக எழுதினாலும் அது சமாளிப்பு, ‘டேமேஜ் கன்ட்ரோல்’ என்கிற சொல்லுக்கு அதுவே சரியான தமிழ்.

ஆகவே கிரைசிஸ் கம்யூனிகேஷனை நான் ‘நெருக்கடிகாலத் தொடர்பாடல்’ என்றே எழுதுகிறேன். அதன் முடிவில் நடப்பது ‘பெயர் மீட்பு’.

அந்த ஆலைக்காரரின் அறிக்கை கடைசியில் ஆறு வரிதான் வந்தது. என்ன கலந்தது, எந்தத் தேதி மூட்டைகள், திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம், கீழே அவருடைய பெயரும் கைபேசி எண்ணும். வெளியூர் வியாபாரிகளுக்கு அவரே ஒவ்வொருவராகப் போன் போட்டார். பத்து நாள் கழித்து லாரி வந்து நின்றபோது, 90 கிலோ மூட்டை ஒவ்வொன்றாக இறங்க இறங்க, குடோன் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணிக்கொண்டு நின்றார்.