நுண்கோள ஊசியில் சர்ஃபாக்டன்ட் பார்க்கும் வேலை

ஒரு முறை போட்டால் வாரக்கணக்கில் வேலை செய்யும் ஊசிகள் சிலவற்றில் மருந்து, பாலிமர் நுண்கோளங்களுக்குள் அடைபட்டிருக்கிறது. உடலில் மெதுவாகக் கரைந்து லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களாகச் சிதையும் பி.எல்.ஜி.ஏ. என்ற பாலிமர்தான் பெரும்பாலும் இதற்குப் பயன்படுகிறது. மருந்து எந்த வேகத்தில் வெளிவரும் என்பதைப் பாலிமர் மட்டும் தீர்மானிப்பதில்லை. உட்பொருள் பட்டியலின் கடைசியில் கிடக்கும் சர்ஃபாக்டன்டுக்கும், அதாவது சோப்பைப் போல நீரும் எண்ணெயும் தொடும் பரப்பில் வேலை செய்யும் பொருளுக்கும், அதில் பங்குண்டு.

தயாரிப்பிலிருந்தே அதன் வேலை தொடங்குகிறது. பாலிமரையும் மருந்தையும் டைக்ளோரோமீத்தேன் என்ற கரைப்பானில் கரைத்து, பாலிவினைல் ஆல்கஹால் என்ற சர்ஃபாக்டன்ட் கலந்த நீரில் ஊற்றிச் சுழற்றுவோம். துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காப்பது இந்த ஆல்கஹால்தான். கரைப்பான் ஆவியானதும் துளிகள் இறுகிக் கோளங்களாகும். ஆல்கஹாலின் அளவைக் கூட்டினால் துளி சிறுக்கும். சிறிய கோளத்துக்கு எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு மிகுதி என்பதால் மருந்து பொதுவாக விரைந்து வெளியேறும். எவ்வளவு கழுவினாலும் அந்த ஆல்கஹாலில் கொஞ்சம் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டே இருக்கும், நீரையும் ஈர்க்கும். பாலிசார்பேட் போன்ற வேறு சர்ஃபாக்டன்டுகளை அளவு மீறிச் சேர்த்தால் வேறொரு தொல்லை: அவற்றின் மூலக்கூறுகள் நீரில் கூடி உண்டாக்கும் மைசெல்கள் என்ற நுண்திரள்கள் உள்ளே அடைபட வேண்டிய மருந்தை வெளிநீருக்கு இழுத்துக்கொள்ளும்.

கோளத்துக்குள்ளேயே சர்ஃபாக்டன்டைச் சேர்த்தால்? நீர் புகுந்து அது கரைந்துபோன இடம் துளையாகி மருந்துக்கு வழிவிடலாம். புரத மருந்துகளில் நேர்மாறாகவும் நடக்கும்: புரதம் கரைந்துள்ள உள்நீர்த் துளிகள் நுணுக்கமாகப் பரவி, முதல் நாளில் குபீரென வெளியேறும் அளவு குறையலாம். ஆகவே "சர்ஃபாக்டன்ட் வெளியீட்டை வேகப்படுத்தும்" என்ற பாடப்புத்தக வரியை நான் அப்படியே நம்புவதில்லை.

வெளியீட்டை அளக்கும் ஆய்வகச் சோதனையிலும் இதே எச்சரிக்கை தேவை. 37 டிகிரி செல்சியஸில் வைத்த பாஸ்பேட் கரைசலில் சிறிது பாலிசார்பேட் சேர்ப்பது வழக்கம். இல்லாவிட்டால் கோளங்கள் நனையாமல் திரண்டு, வெளியீடு மந்தமாகத் தெரியும். கூடுதலாகச் சேர்த்தால் உடலில் இல்லாத வேகம் வரைபடத்தில் ஏறிவிடும். யார் வெளியீட்டு வரைபடம் காட்டினாலும் கரைசலில் என்ன கலந்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

ஊசி போடும் செவிலியரும் மருந்தாளுநரும் கவனிக்க வேண்டிய இடம் வேறு. ரிஸ்பெரிடோன் (மனநோய்க்கான மருந்து), நால்ட்ரெக்ஸோன் (போதைப் பழக்கத்துக்கான மருந்து) நுண்கோள ஊசிகளுடன் வரும் திரவம் வெறும் உப்புநீர் அன்று. அதிலுள்ள பாலிசார்பேட் 20 கோளங்களை நனைக்கிறது. செல்லுலோஸ் பொருள் அவை அடியில் படியாமல் தாங்குகிறது. அந்தத் திரவம் சிந்திவிட்டது என்று சாதாரண ஊசி நீரை ஊற்றினால் தூள் கட்டியாகும், ஊசி அடைபடும், ஒரு பங்கு மருந்து குப்பியிலேயே தங்கிவிடும். புதிய பெட்டியைத் திறப்பதே சரி. இரு வாரத்துக்கு ஒருமுறை போடும் ரிஸ்பெரிடோன் ஊசியில் முக்கிய வெளியீடு ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துத்தான் தொடங்குகிறது. எனவே இன்று குறைந்துபோன அளவு இன்று தெரியாது. சில வாரம் கழித்து, நோய் திரும்புகிறது என்ற புகாராக வரும்போது குப்பியை யாரும் நினைக்க மாட்டார்கள்.