கோட்டின் அகலம் சொல்லும் ஒளி

இரண்டு விண்மீன்கள் ஒரே நிறத்தில் இருக்க, அவற்றில் ஒன்று மங்கலாகத் தெரிந்தால், அது தொலைவில் இருப்பதால் மங்கலா அல்லது இயல்பிலேயே மங்கலா என்பதை எப்படி அறிகிறார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ரோகிணியையும் 61 சிக்னி என்ற இரட்டையில் பெரியதையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் செம்மஞ்சள் நிறமுடைய, கே5 என்ற வெப்பநிலை வகையைச் சேர்ந்த விண்மீன்கள். 61 சிக்னி 11 ஒளியாண்டுத் தொலைவில்தான் இருக்கிறது, ஆனாலும் இருண்ட வானத்தில்தான் வெறுங்கண்ணுக்குப் புலப்படும். ஏறத்தாழ 65 ஒளியாண்டு தள்ளியிருக்கும் ரோகிணியோ நகரத்து வானத்திலும் பளிச்சென்று தெரிகிறது. இயல்பான ஒளியில் ரோகிணி ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. தொலைவை அளக்காமலே இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடும் தடயம் ஒன்று, விண்மீனின் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் இருக்கிறது.

நிறமாலையின் ஊதா முனையில், 3934 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், கால்சியம் அயனி உண்டாக்கும் 'கே' கோடு அகலமான கரும்பட்டையாகக் கிடக்கும். வெப்பம் குறைந்த விண்மீன்களில் அந்தக் கருமையின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழும். அமெரிக்க வானியலாளர் ஒலின் வில்சனும் சென்னையில் பிறந்த வானியலாளர் வைணு பாப்புவும் 185 விண்மீன்களில் அந்த ஒளிக்கோட்டை அளந்து 1957-இல் முடிவை வெளியிட்டனர். கோடு எவ்வளவு பிரகாசமாக இருக்கிறது என்பதற்கும் விண்மீனின் ஒளிக்கும் தொடர்பில்லை. கோட்டின் அகலத்துக்கும் ஒளிக்கும்தான் நெருங்கிய தொடர்பு. அகலம் இரு மடங்கானால் விண்மீனின் ஒளி ஏறத்தாழ 64 மடங்காகிறது. மங்கலான குள்ள விண்மீனிலிருந்து மாபெரும் ராட்சத விண்மீன் வரை, விண்மீன்களின் ஒளியை அளக்கும் அளவுகோலான ஒளி அளவெண்ணில் 15 படிகளுக்கு இவ்வுறவு நீள்கிறது. எந்தக் கோட்பாடும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை. பொறுமையாக அளந்ததால் கிடைத்தது. உடனடிப் பயன் என்ன என்று கேட்காமல் இத்தகைய நீண்ட அளவீடுகளுக்கு அரசுகள் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அகலம் ஏன் ஒளியை அறிந்திருக்கிறது? விண்மீனின் மேற்பரப்பிலிருந்து மேலே செல்லச் செல்ல வெப்பநிலை முதலில் குறைந்து, ஓர் இடத்தில் தாழ்நிலையை அடைந்து, அதன்பின் நிறமண்டலம் என்ற மேலடுக்கில் மீண்டும் ஏறுகிறது. 'கே' கோட்டின் நட்ட நடு அலைநீளத்தைக் கால்சியம் மிக வலுவாக விழுங்குவதால், அந்த அலைநீளத்தில் நாம் காண்பது வளிமண்டலத்தின் உச்சியை மட்டுமே. நடுவிலிருந்து விலக விலக விழுங்கும் வலு குறைகிறது, பார்வை ஆழம் நோக்கி இறங்குகிறது. வெப்பநிலை தாழ்ந்திருக்கும் அந்த அடுக்கைப் பார்வை எட்டும் இடத்தில் ஒளிக்கோடு முடிந்து கருமை தொடங்கிவிடும். ஆகவே ஒளிக்கோட்டின் அகலம் என்பது அந்த அடுக்குக்கு மேலே எவ்வளவு பொருள் குவிந்திருக்கிறது என்பதன் அளவு.

இதில் என்னை மிகவும் கவர்வது ஈர்ப்பு இங்கே நுழையும் விதம். ராட்சத விண்மீனின் ஈர்ப்பு வலுவற்றது, அதனால் அதன் வளிமண்டலம் அழுத்தம் குறைந்து பரந்து கிடக்கிறது. இத்தகைய விண்மீன்களில் ஒளியை மறைப்பது பெரும்பாலும் ஹைட்ரஜனின் எதிர் அயனி. ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாகப் பற்றினால்தான் அது உருவாகும். அழுத்தம் குறைந்த வளியில் எலக்ட்ரான்கள் அரிதாவதால் ஒவ்வொரு கிராம் வளியும் குறைவாகவே மறைக்கிறது. எனவே ஒளி ஊடுருவ முடியாத நிலை வருவதற்கு மேலே அதிகப் பொருள் அடுக்கப்பட வேண்டியிருக்கிறது. அடர்த்தியற்ற வளிமண்டலமே அதிகப் பொருளைச் சுமக்கிறது! அந்தப் பொருளோடு கால்சியமும் கூடுவதால், அதைத் தாண்டிப் பார்வை ஆழத்தை எட்டக் கோட்டின் நடுவிலிருந்து இன்னும் தொலைவு விலக வேண்டும், கோடு விரிகிறது. ஒரே வெப்பநிலையில் ஒளி மிகுந்த விண்மீன் உருவில் பெரியது, உருவில் பெரியதன் மேற்பரப்பு ஈர்ப்பு குறைவு. ஆகவே அகலம் ஒளியைக் காட்டிக்கொடுக்கிறது. நிறமண்டல வளியின் கொந்தளிப்பும் டாப்ளர் விளைவால், அதாவது நகரும் வளியின் ஒளி அலைநீளம் மாறுவதால், கோட்டை அகலப்படுத்துகிறது, ஆனால் ஈர்ப்பு வழி விளக்கமே எனக்கு நிறைவளிக்கிறது.

பாப்பு இதோடு நிற்கவில்லை. 1960-இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் பொறுப்பை ஏற்ற அவர், பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய நம் சூரியனில் அதே 'கே' கோட்டை ஆராய்ந்தார். ஒளிக்கோட்டுக்கு அந்த அகலத்தைத் தருபவை சூரிய நிறமண்டலத்தில் நுண்ணியனவாகச் சிதறிக் கிடக்கும் ஒளிப்புள்ளிகள் என்று அவரும் உடன் ஆய்வு செய்த வானியலாளர் சிவராமனும் 1971-இல் எழுதினர்.